இந்தக் கதையில் ஓரகத்தியின் கார் கவிழாது

1

இந்தக் கதை வயிற்றெரிச்சலில் பிறந்தது. சமூக அக்கறை, மனித மனத்தின் ஆழம் என்பதையெல்லாம் பிறகு யாராவது கேட்டால் சொல்லிக்கொள்ளலாம். நடந்தது இதுதான்: என் ஓரகத்தி, அதாவது கொழுந்தனாரின் மனைவி, தன் காரைக் கொடுத்துவிட்டு, அதைவிடப் பெரிய, வேகமான, விலையைக் கேட்டால் இருமல் வருகிற ஒரு காரை வாங்கிவிட்டாள். அவர்கள் கீழ் வீட்டில், நாங்கள் மாடியில். அது கிளம்பும்போது என் மேசைமேல் இருக்கும் டம்ளர் அதிர்கிறது. எழுதாமல் என்ன செய்வது?

முதலில் எழுதிய தொடக்கம்: "பணம் வந்தால் சிலருக்குக் கண் தெரியாது. அவளுக்கோ..."

(வேண்டாம். அவள் பல் மருத்துவர். நாளெல்லாம் முதுகு வலிக்கக் குனிந்து, அடுத்தவர் வாயைப் பார்த்துச் சம்பாதித்த பணம். வாசகர் அவள் பக்கம் சாய்ந்துவிடுவார்.)

2

கதாபாத்திரத்தைக் கெட்டவளாக்கியே தீர வேண்டும். கஞ்சத்தனம் கொடுத்துப் பார்த்தேன். என் கடைவாய்ப் பல்லைப் பிடுங்க அவள் காசே வாங்கவில்லை என்பது நினைவுக்கு வந்து தொலைத்தது. சரி, திமிர் கொடுக்கலாம் என்றால், வண்டி வந்த அன்று அவள் மாடியேறி வந்து சொன்னதில் திமிர் ஒட்ட மாட்டேன் என்கிறது.

"அக்கா, கீழ வந்து பாருங்களேன். நீங்க பார்க்காம எனக்கு என்னமோ போல இருக்கு."

"அடுப்புல பால் இருக்கும்மா."

அடுப்பில் பாலும் இல்லை, தீயும் இல்லை. எரிந்தது வேறு.*

* கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது என்பார்கள். நான் போகாதது அந்தக் காருக்கு நல்லது என்றும் எடுத்துக்கொள்ளலாம்.

போனவர் என் கணவர். ஒழுகும் குழாயை மாதக்கணக்கில் பார்த்துக்கொண்டே இருக்கிற மனிதர், மூச்சு வாங்க மேலே வந்து, "நாலே செகண்டுல நூறைத் தொட்டுடுமாம்" என்றார்.

"தொட்டு?"

"தொட்டு... தொடும்."

3

(இங்கே இருந்த பகுதி அடிக்கப்பட்டது. அதில் கார் கவிழ்ந்தது. யாருக்கும் காயமில்லை, காருக்கு மட்டும். இரண்டு முறை வாசித்துச் சந்தோஷப்பட்டுவிட்டுத்தான் அடித்தேன்.)

4

இவ்வளவு தூரம் கூட வந்தவரிடம் மறைக்கக் கூடாது. எனக்கு அந்தப் புதுக் கார் வேண்டாம். அவள் கொடுத்துவிட்டாளே, அந்தப் பழையதுதான் வேண்டியிருந்தது.

முன்பொரு நாள் மாடியில் துணி காயப்போடும்போது, "நான் வண்டி மாத்தினா இது உங்களுக்குத்தான்க்கா" என்றாள். அவள் விளையாட்டாகச் சொன்னாள், நான் வாக்காக எடுத்துக்கொண்டேன். வீட்டில் நூலகம் என்று சொல்லிவிட்டு டிரைவிங் ஸ்கூல் போனேன். லைசன்ஸும் வாங்கினேன். யாருக்கும் தெரியாது. வாய்விட்டுக் கேட்பது கௌரவக் குறைச்சல், அவளாகவே தரட்டும் என்று காத்திருந்தேன். அவள் ஷோரூமில் தந்தாள். பழசைக் கொடுத்தால் புதுசின் விலையில் கழித்துக்கொள்வார்களாம்.

அவள் மறந்ததுகூடப் பரவாயில்லை. மறந்துபோகக்கூடிய அளவுக்கு நான்...

(இந்த வாக்கியம் அழப் பார்க்கிறது. விட்டுவிடுகிறேன்.)

5

இரண்டு முடிவுகள் வைத்திருந்தேன். ஒன்றில், பெட்ரோல் செலவு தாங்காமல் அவள் வண்டியை விற்கிறாள். மற்றதில் என்னிடம் மன்னிப்புக் கேட்கிறாள். இரண்டாவதைப் பாதி எழுதும்போது, இப்போதுதான், அவளே வந்து நின்றாள்.

"உங்க டிரைவிங் மாஸ்டர் இன்னைக்குப் பல்லு காட்ட வந்தாரு, அக்கா. உங்களைப் பத்தி ஒரே பெருமை." உட்காரக்கூட இல்லை. "ஏன் சொல்லவேயில்ல? தெரிஞ்சிருந்தா பழசைக் கொடுத்திருப்பேனா?"

"எப்படிம்மா கேக்கிறது?"

"என்கிட்ட கேக்கறதுக்கா யோசிச்சீங்க?"

(இது நான் எழுதிய வசனமில்லை. நான் எழுதியிருந்தால் அவளுக்கு இவ்வளவு நல்லதாகக் கொடுத்திருக்க மாட்டேன்.)

பதில் சொல்வதற்குள் புதுக் காரின் சாவியை இந்தத் தாளின்மேல் வைத்துவிட்டு இறங்கிப் போய்விட்டாள். ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து பெல்ட் போட்டுக்கொண்டிருக்கிறாள். ஸ்டியரிங்குக்கு முன்னால் யாருமில்லை.

எரிச்சல் தீரவில்லை, கூடித்தான் இருக்கிறது. இதுவரை கார் மட்டும் அவளுடையதாக இருந்தது. இப்போது பெருந்தன்மையும் அவளுடையதாகிவிட்டது. திட்டுவதற்குக்கூட எனக்கு ஆள் மிச்சமில்லை. போகாவிட்டால் ரோஷம் மிஞ்சும், அதை ஓட்டிக்கொண்டு எங்கேயும் போக முடியாது. போனால், நாலு செகண்டில் நூறைத் தொடும்போது எனக்குப் பிடித்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

ஹாரன் அடிக்கிறாள். முடிவை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன்: என்னைப் படியிறக்கி அனுப்புவதாக இருந்தால், சந்தோஷமாக இறங்கினாள் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.