ஜூனோ தேவியின் எடை

கனம் பொருந்திய பிரபுக்களுக்கும், சீமாட்டிகளுக்கும், அவர்களுக்காக மதியத்திலிருந்தே இடம்பிடித்து உட்கார்ந்திருக்கும் வேலைக்காரர்களுக்கும் இதனால் பணிவுடன் அறிவிக்கப்படுவது யாதெனில்: வருகிற செவ்வாய்க்கிழமை மாலை ஆறரை மணிக்கு, விண்ணுலக அரசியான ஜூனோ தேவி, நூற்றிருபது மெழுகுவத்திகள் சுடர்விட, பொன்மேகத்தில் அமர்ந்து, லண்டன் மாநகரில் நேரில் இறங்கி அருள்பாலிப்பாள். இப்படியொரு காட்சியைக் கிரேக்கர் கண்டதில்லை, ரோமர் கண்டதில்லை. செய்தி கேட்ட பாரிஸ்காரர்கள் பொறாமையில் சாப்பாட்டை நிறுத்திவிட்டார்கள். தேவி இறங்கும் சமயத்தில் கனவான்கள் மேடையேறி மேகத்தைத் தொட்டுப் பார்க்க வேண்டாமென்று கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.

இதை எழுதியவர் நாடகசாலை நிர்வாகி ஸ்ப்ரூல். அவருக்குக் கிரேக்கரையும் தெரியாது, ரோமரையும் தெரியாது. பாரிஸுக்குக் கப்பலேறியதுமில்லை. மேகத்தை மட்டும் தெரியும். போன வருஷத்துக் கடற்போர்க் காட்சியில் மூழ்கிய கப்பலின் பாய்த்துணிதான் அது. வெள்ளையடித்து, ஓரத்தில் தங்கத்தாள் ஒட்டி, விண்ணுலகத்துக்கு அனுப்பிவிட்டார்கள். அடிப்பக்கம் பீரங்கிக் குண்டின் ஓட்டை இன்னும் இருந்தது. கீழ்வரிசைக்காரர்கள் அண்ணாந்து பார்த்தால் தெரியும். ஆனால் அவர்கள் தேவியின் கணுக்காலைத் தேடுவார்கள் என்பது ஸ்ப்ரூலின் நம்பிக்கை.

உடையறைக் கதவில் ஒட்டியிருந்த அந்த நோட்டீஸை ஹெஸ்டர் இரண்டுமுறை படித்தாள். வாயில் ஆறு குண்டூசி இருந்ததால் சிரிக்க முடியவில்லை. இல்லாவிட்டாலும் சிரித்திருக்கமாட்டாள். பதினேழு வருஷமாகத் தேவிகளுக்கு உடை கட்டிவிடுகிறவள் அவள். அவளுக்கு முன்னால், கைகளைத் தூக்கியபடி, ஜூனோவாக இறங்கப்போகிற சின்யோரா ஒர்சோலா பெனாட்டி நின்றிருந்தாள். விலா எலும்புகளை எண்ணலாம். ஹெஸ்டர் எண்ணவில்லை. போன வாரமே எண்ணியாயிற்று.

அக்டோபரில் நேப்பிள்ஸிலிருந்து வந்து இறங்கியபோது சின்யோரா நல்ல வாட்டசாட்டமாகத்தான் இருந்தாள். படக்கடைகளில் அவளைத் துறைமுகத்தில் கயிறுகட்டி இறக்குகிற மாதிரி கேலிச்சித்திரம் தொங்கியது. அவளே ஒன்று வாங்கிவரச் சொல்லிக் கண்ணாடியில் செருகிக்கொண்டாள். நவம்பர் மூடுபனியில் இருமல் ஆரம்பித்தது. கிறிஸ்துமஸுக்குள் கைக்குட்டையில் சிவப்பு. பிறகு சதை, காற்றில் வைத்த மெழுகுவத்தி மாதிரி, ஒருபக்கமாக வழிந்து காணாமல் போயிற்று. ஆனால் ஊருக்கு அவள் குண்டு. ஒல்லியான இத்தாலியப் பாடகியை லண்டன் நம்பாது. குரல் எங்கிருந்து வரும் என்று கேட்கும். அதனால் தினமும் நாலு மணிக்கு ஹெஸ்டர் அவளுக்கு ஓர் உடம்பு செய்தாள். இடுப்பைச் சுற்றி ஆட்டுரோமம், பின்பக்கம் கார்க், தோளுக்கு இரண்டு திண்டு. கன்னத்துக்கும் கார்க் உருண்டை அடக்கலாம், ஆனால் பாட முடியாது. இரண்டாம் பாடகி மிஸ் டாப்சன் உருண்டையோடுதான் பாடுகிறாள். எடுத்துவிட்டாலும் அப்படியேதான் பாடுவாள்.

மிஸ் டாப்சன்தான் சங்கடம். வாப்பிங் கப்பல்துறையில் பிறந்து, நோட்டீஸில் 'சின்யோரா டாப்சோனி' ஆனவள். ஜூனோவின் ஒன்பது பாட்டும் அவளுக்கு மனப்பாடம். இருமல் விஷயம் ஸ்ப்ரூல் காதுக்குப் போனால் அன்று மாலையே கிரீடம் கைமாறிவிடும்.

"இறுக்கு, ஹெஸ்டர்," என்றாள் சின்யோரா. அவள் பேசும் இங்கிலீஷ் ஒருகாலில் நடக்கும். "சீசன் முடியட்டும். பிறகு நான் நன்றாக இருமுவேன். வீட்டில் படுத்தால் நான் சாவேன். மேடையில் இருமல் எனக்குக் காத்திருக்கும். மரியாதை தெரிந்த இருமல்."

"பேசாம நில்லுங்கம்மா. ஊசி குத்திடும்."

"யாருக்கும் இல்லை. சொல்ல மாட்டாய். சத்தியம்."

ஹெஸ்டர் சத்தியம் செய்தது ஜனவரியில். அப்போது மேகம் இல்லை.

மேகம் டக்கெட்டின் பொறுப்பு. மேடைக்கு நாற்பதடி மேலே, விட்டங்களுக்குக் கீழே ஒரு பலகைப் பாலம்; எலிப்புழுக்கையும் மெழுகுப்புகையும் நிறைந்த அந்த இடத்துக்கு நாடகசாலைக்காரர்கள் வைத்த பெயர் சொர்க்கம். அங்கே ஓர் உருளை. அதன்மேல் போகும் கயிற்றின் ஒருமுனையில் மேகம், மறுமுனையில் மணல்மூட்டை. மேகத்தின் பக்கம் ஒரு பிடி கனமாக இருந்தால் அது தானாக இறங்கும். டக்கெட் தோல்பட்டையால் உருளையை அழுத்திப் பிடித்து, இறக்கத்தை நிதானமாக்குவான். ஆள் கூட வேண்டாம். மற்றவர்களை ஸ்ப்ரூல் மேடையின் மரக் கடலலைகளைச் சுற்ற அனுப்பிவிட்டார்.

"சின்யோரா எழுதிக் குடுத்தது நூத்தம்பது ராத்தல்," என்றான் டக்கெட், ஹெஸ்டர் பேச்சுவாக்கில் விசாரித்தபோது. "நான் நூத்தெம்பதுக்கு மூட்டை கட்டியிருக்கேன்."

"எதுக்கு முப்பது கூட?"

"ஏம்மா, நீயும் பொம்பளதானே? இருபது வருஷமா தேவதைங்கள எறக்குறேன். எவளாவது நெசத்தச் சொல்லியிருக்காளா? வழக்கமா இருபது ராத்தல் சேப்பேன். இத்தாலிக்காரின்னா முப்பது."

"ஒருதடவ நிறுத்துப் பாத்துடலாமே."

"நிறுத்தா? போன தடவ ஒருத்திகிட்ட மூட்டை நிறுக்குற தராசக் காட்டினேன். செருப்பு பறந்துச்சு. ரெண்டு செருப்பும்! நான் மறுபடி தப்பு பண்ண மாட்டேன்."

சின்யோரா சொன்ன நூற்றைம்பது அக்டோபரில் உண்மை. பிப்ரவரிக் கணக்கு ஹெஸ்டரிடம் இருந்தது. டக்கெட்டிடம் விசாரிப்பதற்கு முந்தின ஞாயிறு, கரிக்கடை மூடியபிறகு பின்வாசலில் கெஞ்சி, சின்யோராவைப் போர்வையோடு கரித்தராசில் உட்காரவைத்தாள். யாரென்று தெரியாத கரிக்காரன் எடைக்கல்லைப் பார்த்துவிட்டு, "ஒரு மூட்டைக்கு நாலு ராத்தல் கொறையுது, ரெண்டு கட்டி கரி போடட்டுமா?" என்றான். சின்யோரா சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, இருமல் கைக்குட்டைக்குள் போயிற்று. நூற்றெட்டு ராத்தல்.

ஒத்திகைக்குச் சின்யோரா மேகம் ஏறவில்லை. பெரிய பாடகிகள் ஒத்திகையில் ஏணி ஏறுவது கௌரவக் குறைச்சல். அவளுக்குப் பதிலாக நூற்றெண்பது ராத்தல் மணல், மூட்டையாக மேகத்தில் அமர்ந்து இறங்கியது. அழகாக, அன்னம்போல. ஸ்ப்ரூல் கண்கலங்கி, "தெய்வீகம்!" என்றார். மூட்டை அடக்கமாக இருந்தது.

டக்கெட்டிடம் எழுபத்திரண்டு ராத்தல் எடுத்துவிடச் சொன்னால் போதும். ஏன் என்பான். காரணத்தைச் சொல்லலாம், அவன் நல்லவன்தான், ஆனால் எதிர்த்த மதுக்கடையில் இரண்டாவது கோப்பைக்குமேல் அவன் நல்லவனாக இருந்ததில்லை. அங்கேதான் மிஸ் டாப்சனின் அண்ணன் பீர் ஊற்றுகிறான். மூன்று நாள் யோசித்து ஹெஸ்டர் தனக்குத் தெரிந்த வழியில் போனாள். உடையறையின் எட்டு இஸ்திரிப்பெட்டிகள், ஒவ்வொன்றும் ஒன்பது ராத்தல் இரும்பு. செவ்வாய் மதியம், சொர்க்கத்தில் ஆளில்லாத நேரம், இரண்டிரண்டாக ஏணியேற்றி மேகத்தின் அடிப்பலகையில் பரப்பி, மேலே பஞ்சு போர்த்தினாள். கணக்குத் தீர்ந்தது. அன்று பூராவும் அவளுக்கு லேசாகப் பாடக்கூடத் தோன்றியது.

சாயங்காலம் கொட்டகை நிரம்பி வழிந்தது. மாடங்களில் விசிறிகள், மேல்வரிசையில் ஆரஞ்சுத்தோல், மேடையோரத்தில் ஒரு பிரபு மூக்குப்பொடி போட்டுவிட்டு அரசனாக நடிப்பவன் காலடியில் தும்மினார். மூன்றாம் அங்கம் முடியும் தறுவாயில் ஹெஸ்டர் சின்யோராவை ஏணியேற்றினாள். மூன்று இடத்தில் நின்றார்கள். மேலே போனதும் சின்யோரா மேகத்தில் ஏறி, பாவாடையைப் பரப்பி உட்கார்ந்தாள். கண்ணை மூடி மூச்சைச் சேர்த்துக்கொண்டாள். மூன்றடி தள்ளி, வானவில் தேவதை வேஷத்தில், அடுத்த பாட்டுக்காக மிஸ் டாப்சன் நின்றிருந்தாள்.

அப்போதுதான் ஹெஸ்டர் பார்த்தாள். உருளைக்குப் பக்கத்தில், சுவரோரம், எட்டு இஸ்திரிப்பெட்டிகள் வரிசையாக.

"வந்து எடுத்துட்டுப் போ தாயே," என்றான் டக்கெட், பட்டையைக் கையில் சுற்றியபடி. "என் மேகம் என்ன ஒன் அடுப்படியா? கண்ட சாமானையும் ஒளிச்சு வைக்கிறே. நல்லவேளை, கடைசியா ஒரு கை விட்டுப் பாத்தேன்."

ஹெஸ்டர் வாயைத் திறந்தாள். மிஸ் டாப்சன் திரும்பிப் பார்த்தாள். கீழே எக்காளம் ஊதியது. தேவியின் தலைக்கும் விட்டத்துக்கும் நடுவே ஆறடி. மேகம் லேசானால் அது எந்தப் பக்கம் போகுமென்று ஹெஸ்டருக்குத் தெரியும். சொன்னால் பாட்டு போச்சு, சொல்லாவிட்டால் தலை போச்சு. ஓர் எக்காளம் ஊதி முடியும் நேரம் அவளுக்குக் கிடைத்தது. அந்த நேரம் முழுக்க அவள் வாயை மூடிக்கொண்டிருந்தாள். அதைப் பிறகு எத்தனையோ விதமாக நினைத்துப் பார்த்தாள். எந்த விதத்திலும் அது நீளமாகத்தான் இருந்தது.

டக்கெட் கொக்கியைத் தட்டினான். மேகம் மேலே துள்ளியது.

"ஏறுது! டக்கெட், ஏறுது, பிடிங்க!"

பட்டை அவன் கையைச் சீவிக்கொண்டு போய் நின்றது. சின்யோராவின் கிரீடம் விட்டத்தில் இடித்து, தங்கத்தாள் நட்சத்திரமொன்று உடைந்து மேடையில் விழுந்தது. தேவி தன் வருகைக்கு முன்னால் நட்சத்திரம் அனுப்பியதாக நினைத்து ஜனங்கள் கைதட்டினார்கள். டக்கெட் உருளையைக் கட்டிப்பிடித்து எதிர்ப்பக்கம் திருகினான். பிடிக்க ஆரக்கால் கிடையாது. அதுவும் கொழுப்புத் தடவிய உருளை. ஹெஸ்டர் பக்கத்தில் விழுந்து, நெஞ்சால் அழுத்தி, நகத்தால் பற்றினாள். மேகம் விரல்விரலாக இறங்கியது. பாதிவழியில் இருவர் கையும் ஓய்ந்தன. டக்கெட் சுத்தியலின் பிடியை உருளைக்கடியில் ஆப்பாகச் செருகினான். ஜூனோ தேவி அந்தரத்தில் நின்றாள்.

நின்று, பாடினாள். விண்ணுக்கும் மண்ணுக்கும் நடுவில், புகைக்குள், அவள் குரல் எடையே இல்லாமல் வந்தது. ஆரஞ்சு தின்கிறவர்கள் மெல்லுவதை நிறுத்தினார்கள். மூக்குப்பொடிப் பிரபு தும்மலை அடக்கிக்கொண்டார்.

டக்கெட் உள்ளங்கை ரத்தத்தைச் சட்டையில் துடைத்துவிட்டு, ஹெஸ்டரின் காதருகே குனிந்தான்.

"எத்தன?"

"நூத்தெட்டு."

அவன் சுத்தியல் பிடி நழுவாமல் காலால் மிதித்துக்கொண்டான். பிறகு, "இருபது வருஷம்," என்றான். "ஒருத்திகூட இந்தப் பக்கமா பொய் சொன்னதில்ல."

திரை விழுந்து, ஏணி போட்டு அவளை இறக்குவதற்குள் ஸ்ப்ரூல் மூச்சிரைக்க மேலே வந்துவிட்டார். "டக்கெட்! பாதியில நிறுத்தினியே, என்ன கற்பனைடா அது! தேவி எறங்கி வரல. மனுசனுக்கும் தெய்வத்துக்கும் நடுவுல அப்படியே நிக்கிறா! எப்படிச் செஞ்சே?"

டக்கெட் ஹெஸ்டரைப் பார்க்காமல் சொன்னான்: "எடைய ஒரு நூல் பாத்து வச்சேன் மொதலாளி."

"தெனமும் இப்படியே வை!"

தேவி இறங்க மறுத்ததில் உயர்ந்த தத்துவம் இருப்பதாக மறுநாள் பத்திரிகைகள் எழுதின. ஒரு பாதிரியார் அதைப் பிரசங்கத்தில் எடுத்துச் சொன்னார். டக்கெட் மூட்டைகளை நூற்றெட்டுக்குத் திருத்தினான். அதன்பின் தினமும், சின்யோரா மேகம் ஏறுமுன், அவன் புருவத்தை உயர்த்துவான். ஹெஸ்டர் விரல் காட்டுவாள். உடை கட்டும்போது கையில் உணர்ந்த கணக்கு அது: சில நாள் எதுவுமில்லை, சில நாள் ஒரு விரல், எப்போதாவது இரண்டு. அத்தனை ராத்தலுக்குச் சின்னப் பைகளை அவன் கயிற்றிலிருந்து அவிழ்த்துச் சுவரோரம் வைப்பான். மதுக்கடைக்குப் போவதை நிறுத்திவிட்டான். ஸ்ப்ரூல் அதற்கும் பக்திதான் காரணம் என்றார்.

பதினெட்டாவது ஆட்டத்தன்று மிஸ் டாப்சன் உடையறைக்கு வந்தாள். கன்னத்தில் கார்க் இல்லை. வாப்பிங் பேச்சு வெளியே வந்துவிட்டது.

"ஹெஸ்டரக்கா, இத வச்சுக்க." மடித்த சீட்டு. உள்ளே அவளுடைய இடுப்பளவு, மார்பளவு, தோளளவு. "அவசரமில்ல. எதுக்கும் இருக்கட்டும்."

"எப்பத்திலேர்ந்து தெரியும்?"

"அந்த வரிசையில பன்னெண்டு பை இருக்கு," என்றாள் மிஸ் டாப்சன். "எனக்கும் எண்ணத் தெரியும்க்கா." வாசல்வரை போய்த் திரும்பினாள். "அந்த நாலாவது பாட்டு இருக்கில்ல, அத அவங்க மாதிரி என்னால பாட முடியாது. அதுவும் தெரியும்."

பத்தொன்பதாவது ஆட்டத்துக்குப் புது நோட்டீஸ் வந்தது: பெருமக்களின் இடைவிடாத வேண்டுகோளுக்கிணங்க, ஜூனோ தேவி மேலும் பல நாட்கள் வானிலேயே தங்கியிருக்கச் சித்தம் கொண்டிருக்கிறாள். ஹெஸ்டர் வாயில் குண்டூசியோடு படித்தாள். ரோமத்தை இன்னொரு சுற்றுச் சுற்றினாள். ஏணியில் ஏழு இடத்தில் நின்றார்கள். கடைசி நாலு படியும் ஹெஸ்டர் அவளை ஒரு கையால் அணைத்துத் தூக்கியே ஏற்றினாள். மேலே டக்கெட் புருவத்தை உயர்த்தினான். ஹெஸ்டர் மூன்று விரல் காட்டினாள். அவன் மூன்று பைகளை அவிழ்த்து, சுவரோர வரிசையில் வைத்தான். வரிசை திரும்பி, அடுத்த சுவருக்குப் போயிருந்தது.

"இன்று நிறைய ஜனமா?" என்று கேட்டாள் சின்யோரா, மேகத்தில் சாய்ந்தபடி.

ஹெஸ்டர் பலகையிடுக்கு வழியாகக் கீழே பார்த்தாள்.

மழை பெய்ததால் அன்று பாதிக் கொட்டகைதான். "நிக்கக்கூட எடமில்லம்மா," என்றாள்.