நமக்குத்தான் ஒரு சொட்டும் இல்லை

தெருவில் அவளுக்குச் செய்தியக்கா என்றே பேர். அரசு வானொலியில் பதினோரு வருடமாகக் காலைச் செய்தி வாசிக்கிறாள். இன்னும் ஒப்பந்த ஊழியர்தான். வருடா வருடம் புதுப்பித்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. அவள் குரல் கேட்டுத்தான் எதிர்வீட்டுத் தையற்காரர் கடையைத் திறப்பார், மாடிவீட்டு டீச்சர் பல் துலக்குவார். அவள் என்ன சொன்னாள் என்று மட்டும் இருவரையும் கேட்டுவிடக் கூடாது. செவ்வாய்க்கிழமை வரை அப்படித்தான் இருந்தது.

செவ்வாய்க்கிழமை காலை, கடைசியாகப் போட வேண்டிய அமைச்சர் பேச்சு ஒலிநாடாவில் இல்லை. செய்தி முடிய இன்னும் நாற்பது வினாடி. தயாரிப்பாளர் விடுப்பில் இருந்ததால் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிலைய இயக்குநரே உட்கார்ந்திருந்தார். "எதையாவது பேசும்மா" என்றார் காதில். அவளும் பேசினாள். வெயிலைச் சொன்னாள், குழாயில் தண்ணீர் வராததைச் சொன்னாள், அப்புறம் வாய்க்கு வந்தது இது: "தீவுல விடிய விடிய மழையாம். கொடுத்து வெச்சவங்க. நமக்குத்தான் ஒரு சொட்டும் இல்லை."

அந்தத் தீவு நம்முடையதா பக்கத்து நாட்டுடையதா என்று இரண்டு தலைமுறையாக வழக்கு நடக்கிறது. அங்கே இருப்பது ஒரு கலங்கரை விளக்கமும் எண்ணூறு மீனவர்களும். அவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

தீவு வேறு, நாம் வேறு என்று சொல்லிவிட்டாளென்று மதியத்துக்குள் ஊர் கொதித்தது. செய்தியைக் காதிலேயே வாங்காத தையற்காரர், காலையிலேயே தனக்குச் சுருக்கென்றது என்று வாடிக்கையாளரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். செய்தியக்காவின் புருஷன் மின் மீட்டர் கணக்கெடுப்பவர். வீடு வீடாக ஏறி இறங்குகிற மனிதர் என்பதால் அவருக்கு வீட்டுக்கு வீடு வாங்கிக் கட்டிக்கொள்ள நேர்ந்தது. ஒரு வீட்டில் உங்க வீட்டம்மா தீவைத் தூக்கிக் குடுத்துட்டாங்களாமே என்றார்கள். அடுத்த வீட்டில் எவ்வளவு குடுத்தாங்க என்றே கேட்டுவிட்டார்கள். மனிதர் சாயங்காலம் செருப்பைக் கழற்றும்போதே பெருமூச்சு விட்டார்.

வியாழக்கிழமை விசாரணை. மூன்று அதிகாரிகள், ஒரு நீள மேசை. தீவின் பெயரை அவர்களில் ஒருவரும் உச்சரிக்கவில்லை. நாம் அதற்கு வைத்த பெயரைச் சொன்னால் பக்கத்து நாடு சண்டைக்கு வரும், அவர்கள் வைத்த பெயரைச் சொன்னால் இந்த மேசைக்கு எதிரே தாமும் உட்கார வேண்டும். 'சம்பந்தப்பட்ட நிலப்பரப்பு' என்றே முழுக் காலையும் ஓடியது. மூவரில் சட்டம் படித்தவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"கொடுத்து வெச்சவங்கன்னு சொல்லியிருக்கீங்க. யார், யாருக்குக் கொடுத்தது?"

"சார், அது அதிர்ஷ்டக்காரங்கன்னு சொல்றது. உங்க வீட்ல சொல்ல மாட்டாங்களா?"

"என் வீட்டை விடுங்க. 'நமக்கு'ன்னீங்களே, அதுல யார் யார் சேர்த்தி?"

"துணி காயப்போட்டுட்டு வானத்தைப் பார்த்துட்டு இருந்தவங்க எல்லாரும் சார்."

அதை அப்படியே எழுதலாமா என்று மூவரும் தங்களுக்குள் பேசி, வேண்டாம் என்று முடிவெடுத்தார்கள். பேசச் சொன்னது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. மாலை ஐந்து மணிக்குள் எழுத்துமூலம் விளக்கம் தரச் சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

விளக்கம் இயக்குநர் அறையில் தயாராக, தட்டச்சாகி, கையெழுத்துக்கு இடம் விட்டுக் காத்திருந்தது. 'எவருடைய அறிவுறுத்தலும் இன்றி, தன்னிச்சையாக' என்று ஆரம்பித்தது. கையெழுத்தைப் போட்டால், ஒப்பந்தம் புதுப்பிக்கிற திங்கட்கிழமைப் பட்டியலில் அவள் பெயரும் இருக்கும் என்றார் இயக்குநர், கல்யாணப் பத்திரிகை நீட்டுகிற முகத்தோடு.

"பேசச் சொன்னது நீங்க சார்."

"பேசச் சொன்னேன்மா, இல்லேங்கல. மழையைப் பத்தியா பேசச் சொன்னேன்?"

"வேற எதைப் பத்திப் பேசியிருக்கணும்? நீங்களே சொல்லுங்க."

இயக்குநர் விட்டத்தைப் பார்த்தார். தண்ணீர், மின்சாரம், சாலை, விலைவாசி என்று ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்திருப்பார் போல, ஒன்றும் அகப்படவில்லை. இதற்குத்தான் எழுதி வைத்துப் படிக்க வேண்டும் என்பது என்று முடித்தார். எழுதிக் கொடுக்கிறவர்களைப் போன வருடம் வீட்டுக்கு அனுப்பியது யார் என்று அவள் கேட்டதற்கு, அதெல்லாம் இப்போ எதுக்கு என்றார்.

நடைபாதைக்கு வந்து புருஷனுக்குப் போன் போட்டாள். கையெழுத்தைப் போட்டுக் குடுத்துட்டு வாயேன், அவரும் பிள்ளைகுட்டிக்காரர் என்றார் அவர்.

"அப்ப நான் என்ன சாமியாரா?" என்று கேட்டுவிட்டு வைத்தாள்.

வெள்ளைத்தாள் இரண்டு வாங்கி, நின்றபடியே எழுதினாள். ஒலிநாடாவில் அமைச்சர் பேச்சு இல்லை, நாற்பது வினாடி இருந்தது, இயக்குநர் பேசச் சொன்னார், பேசினேன். அரைப் பக்கம். இயக்குநர் படித்துப் பார்த்துவிட்டு, இதை நான் வாங்கிக்கொள்ள மாட்டேன் என்று மேசையின் ஓரத்துக்குத் தள்ளினார். எடுத்துக்கொண்டு கீழே தபால் பிரிவுக்குப் போனாள்.

அங்கே இருந்த எழுத்தர் அம்மாள் கடிதம் என்று எது வந்தாலும் முழுக்கப் படித்துவிட்டுத்தான் பதிவேட்டில் ஏற்றுவார். இதை இரண்டு தரம் படித்தார்.

"இதைக் குடுத்தா உன்னை அனுப்பிடுவாங்கடி."

"தெரியும்க்கா."

"இயக்குநர் அடிச்சு வெச்ச தாள்ல கையெழுத்துப் போட்டிருந்தா?"

"அடுத்த வருஷமும் இருந்திருப்பேன். தீவைக் குடுத்தவளா."

எழுத்தர் கடிதத்தைப் பதிவேட்டில் ஏற்றினார். முத்திரையை மையில் அழுத்தி, நகலில் குத்தி, நேரம் 4.50 என்று தெளிவாக எழுதிக் கொடுத்தார்.

திங்கட்கிழமைப் பட்டியலில் அவள் பெயர் இல்லை. புதுக்குரல் ஒன்று செய்தி வாசித்தது. தையற்காரர் அரைமணி நேரம் தாமதமாகக் கடை திறந்தார். ஆனால் பதிவேட்டில் ஏறிய கடிதத்தை விழுங்கிவிட முடியாதே. புதன்கிழமை இயக்குநருக்கும் விளக்கம் கேட்டு ஓர் உறையை அனுப்பியது விசாரணைக் குழு. சாயங்காலமே அவர் செய்தியக்கா வீட்டுக்குப் போன் செய்தார். சுற்றி வளைத்து, உடம்பெல்லாம் சௌக்கியமா என்று விசாரித்து, கடைசியில் விஷயத்துக்கு வந்தார்: விளக்கம் எழுத வேண்டும், நாலு பேர் எழுதிப் பார்த்துவிட்டார்கள், எப்படி எழுதினாலும் இடிக்கிறது, உனக்குத்தான் நல்லா வாசகம் வருமே.

செய்தியக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள். போனைத் தோளில் இடுக்கிக்கொண்டாள்.

"நடந்ததை எழுதுங்க சார். அரைப் பக்கத்துக்கு மேல வராது."