ஆடுகிற ஹெலிகாப்டர்

என் அண்ணன் ஐம்பத்திரண்டு வயதில் ரிமோட் ஹெலிகாப்டர் ஓட்டப் பழகப் போகிறேன் என்று ஒரு பெரிய அட்டைப்பெட்டியோடு வந்து நின்றபோது நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அண்ணி சிரிக்கவில்லை. "தட்டு வைக்கவே மேஜையில இடமில்ல, இது ஒண்ணுதான் குறைச்சல்" என்று முணுமுணுத்துக்கொண்டே உள்ளே போய்விட்டார்.

அண்ணன் கிரேன் ஓட்டுபவர். கட்டட வேலையில் எல்லாவற்றுக்கும் மேலே நிற்குமே ஒரு கண்ணாடிக் கூண்டு, அதற்குள் இருபத்தாறு வருஷம். நான் அதே கிரேனுக்குக் கீழே பதினோரு வருஷம். கொக்கியில் சுமையை மாட்டுவேன், கை காட்டுவேன், அவர் தூக்குவார். கம்பிக்கட்டும் கான்கிரீட் பலகையும் என் தலைக்கு மேலே போய்க்கொண்டே இருக்கும். ஒரு நாள்கூட எனக்குப் பயம் வந்ததில்லை. எங்கள் இடத்தில் யாருக்குமே வந்ததில்லை. முட்டையைத் தூக்கி வைக்கச் சொன்னாலும் உடையாமல் வைப்பார் என்பார்கள்.

அப்படிப்பட்ட கைக்கு இந்தப் பொம்மை எம்மாத்திரம் என்று நினைத்தேன். அது பொம்மை இல்லை என்பது முதல் வாரத்திலேயே புரிந்துவிட்டது. இறக்கை சுழலும்போது விரலை நீட்டினால் விரல் இருக்காது. விற்ற கடைக்காரர் கண்டிப்பான ஆள். முதல் ஒரு மாதம் கம்ப்யூட்டர் திரையில் மட்டும் ஓட்டச் சொன்னார். அதில் அண்ணன் இருநூறு தடவையாவது விழுந்திருப்பார். அப்புறம் ஹெலிகாப்டரின் காலுக்கடியில் நுனியில் பந்து வைத்த இரண்டு நீளக் குச்சிகளைக் குறுக்காகக் கட்டிக்கொடுத்தார். கவிழாமல் இருக்க.

"வால் உங்களைப் பாத்துதான் இருக்கணும். மூக்கு உங்க பக்கம் திரும்பிச்சுன்னா இடது வலது மாறிடும், கை குழம்பிடும். பதினைஞ்சு அடி தள்ளி நில்லுங்க. முழங்கால் உயரம் தூக்குங்க, அப்படியே நிறுத்துங்க, இறக்குங்க. மூணு மாசத்துக்கு இதான் பாடம்."

ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் கிடங்குக்குப் பின்னால் இருந்த காலி மைதானத்துக்குப் போவோம். தூக்குவார், இறக்குவார். அந்த 'நிறுத்துங்க' மட்டும் கைக்கு வரவே இல்லை. ஹெலிகாப்டர் ஒரே இடத்தில் நிற்கும், ஆனால் நின்ற இடத்திலேயே நடுங்கும். ஜுரம் வந்தவன் மாதிரி.

மெஷினில்தான் கோளாறு என்று இருவரும் முடிவு கட்டினோம். எங்கள் தொழிலில் அப்படித்தான். எது ஆடினாலும் முதலில் கொக்கியைப் பார், கம்பியைப் பார், காற்றைப் பார். மேலே கூண்டில் இருக்கிற ஆளை யாரும் பார்க்க மாட்டார்கள். இறக்கையை மாற்றினோம். தண்டு வளைந்திருக்கிறதா என்று கண்ணாடி மேல் உருட்டிப் பார்த்தோம். வால் பக்கத்தைக் கழற்றி மாட்டினோம். ஒரு இறக்கை எடை குறைவு என்று நானே துண்டு டேப் ஒட்டினேன். அது பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு பாகத்தை மாற்றும்போதும் அண்ணன் முகத்தில் ஒரு ஆவல் தெரியும். பெரிய மனிதர் இவ்வளவு பைத்தியமாக இருக்கிறாரே என்று கிண்டல் செய்வேன்.

இதற்கு நடுவில்தான் அந்த வயிற்றெரிச்சல். போன மாதம் அவர் மேஸ்திரியிடம் தனியாகப் பேசி என்னை ஸ்டோருக்கு மாற்றச் செய்தார். ஆணி, நட்டு, கையுறை எடுத்துக் கொடுக்கிற வேலை. என் இடத்தில் கொக்கிக்குக் கீழே, அவர் கேட்டபடியே, மொட்டையைப் போட்டார்கள். மொட்டை என்றால் தலை நிறைய முடி உள்ளவன், வேலைக்குச் சேர்ந்த அன்று மொட்டையாக வந்தான், பெயர் ஒட்டிக்கொண்டது. எப்போது பார்த்தாலும் சிரிப்பான். "உனக்குத்தான் முதுகு வலின்னு சொன்னியே" என்றார் அண்ணன். நான் எப்போது சொன்னேன்? இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. அடுத்த ஞாயிறு வழக்கம்போல மைதானத்துக்குப் போய்விட்டேன். ரோஷம் என்பதெல்லாம் எனக்கு இரண்டு நாளைக்கு மேல் தாங்காது.

போன ஞாயிறு கடைக்காரரையே கையோடு கூட்டிப் போனோம்.

"கொடுங்க பாப்போம்" என்று ரிமோட்டை வாங்கினார். ஹெலிகாப்டர் எழுந்தது. முழங்கால் உயரத்தில் நின்றது. ஆடவில்லை, அசையவில்லை. காற்றில் ஆணி அடித்து மாட்டியது போல நின்றது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான்கு மாதமாக நாங்கள் கழற்றி மாட்டிய அதே மெஷின்.

"மெஷின் தங்கம்" என்று இறக்கிவைத்து பேட்டரியைக் கழற்றினார். பிறகு ரிமோட்டில் எதையோ அழுத்தினார். சின்னத் திரையில் நான்கு கோடுகள் வந்தன. "ரிமோட்ல இருக்கிற குச்சியை எவ்வளவு அசைக்கிறீங்களோ அவ்வளவு கோடு நகரும். உங்க பழக்கம் எங்க தப்புன்னு இதுல தெரிஞ்சிடும். கட்டைவிரலைச் சும்மா வையுங்க. அசைக்காதீங்க."

அண்ணன் வைத்தார்.

வலது பக்கக் கோடு நடுங்கியது.

"அசைக்காதீங்க சார்."

"அசைக்கல."

நான் அவர் விரலைப் பார்த்தேன். அசையாதது போலத்தான் இருந்தது. திரையைப் பார்த்தேன். கோடு துடித்துக்கொண்டே இருந்தது. கடைக்காரர் அவர் முகத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வண்டியில் ஏதோ எடுக்க வேண்டும் என்று நகர்ந்துபோனார். நல்ல மனிதர்.

அண்ணன் முகத்தில் ஈயாடவில்லை. ஆனால் அது ஆச்சரியப்பட்ட முகம் இல்லை.

"உங்களுக்குத் தெரியும்" என்றேன்.

"ஒன்பது மாசமா." குரல் சாதாரணமாக இருந்தது. "டம்ளர் பிடிக்கிறப்ப முதல்ல பாத்தேன். கிரேன்ல தெரியாதுடா. அந்தக் கைப்பிடி சின்ன நடுக்கத்தை எல்லாம் முழுங்கிடும். முழுங்காத மெஷின் ஒண்ணு வேணும்னுதான் இதை வாங்கினேன். ஒவ்வொரு தடவை எதையாவது மாத்துறப்பவும், இதாத்தான் இருக்கும், கை இல்லன்னு நினைச்சுக்குவேன்."

"போன வாரம் கம்பிக்கட்டு சடார்னு இறங்கி நின்னுச்சே. காத்துன்னாங்களே."

அவர் ரிமோட்டின் திரையை அணைத்தார். மொட்டையின் தலைக்கு ஒரு முழம் மேலே நின்றது அந்தக் கட்டு. மத்தியானம் அவனே ஸ்டோருக்கு வந்து சிரித்துக்கொண்டே சொன்னான்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. "என்னை ஸ்டோருக்கு மாத்தினது…"

"உனக்கு ரெண்டு குழந்தைங்கடா."

இதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. முதலில் வந்தது கோபம் இல்லை. நெஞ்சு குளிர்ந்தது. என் அண்ணன் என்னைக் காப்பாற்றினார் என்று ஒரு நிமிஷம் கண்ணில் தண்ணீர்கூட வந்தது. அதற்குப் பிறகுதான் தலையில் இடி இறங்கியது. என்னை எடுத்த இடத்தைக் காலியாக விடவில்லையே.

"அப்போ மொட்டை?"

"அவனுக்கு இன்னும் கல்யாணம்கூட ஆகல."

என் வாழ்நாளில் அவரை நீங்கள் என்றுதான் கூப்பிட்டிருக்கிறேன். "நீ மனுஷனா?" என்று வந்துவிட்டது. "தெரிஞ்சே ஒருத்தனைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கே. மேலேருந்து தினம் அவன் தலையைப் பாத்துக்கிட்டே ஓட்டினியா?"

"மெதுவாத்தான் ஓட்டினேன்" என்றார். இருபத்தாறு வருஷம் கூண்டுக்குள் இருந்தவரின் வாயிலிருந்து அந்தச் சொல் அவ்வளவு சின்னதாக வந்தது.

நான் மொட்டைக்குப் போன் போட்டேன். மறுநாள் காலை ஏழு மணிக்கு அவனுக்கு வேலை.

"என்னண்ணே, லீவு நாள்ல?" பின்னால் டிவி சத்தம் கேட்டது.

"நாளைக்குக் கொக்கிக்குக் கீழ நிக்காதே."

"ஏண்ணே? இடத்தைத் திரும்பக் கேக்குறீங்களா?" சிரித்தான். "விட மாட்டேன். மேல உங்க அண்ணன் இருக்கிறப்ப அதைவிடப் பாதுகாப்பான இடம் எது?"

போனை ஸ்பீக்கரில் போட்டு அண்ணனிடம் நீட்டினேன். "நீயே சொல்லு."

வாங்கவில்லை. நான் கையை மடக்கவும் இல்லை. கடைசியில் இரண்டு கையாலும் வாங்கினார்.

"தம்பி, என் கை நடுங்குது. நான் இனிமே ஏற மாட்டேன். காலையில மேஸ்திரிகிட்டயும் சொல்லிடுறேன்."

"ஐயோ, என்னண்ணே சொல்றீங்க? டாக்டரைப் பாத்தீங்களா? நான் கூட வரட்டுமா?" டிவி சத்தம் நின்றது. "எப்போலேருந்து?"

அண்ணன் என்னைப் பார்த்தார். இன்றைக்குத்தான் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், யாருக்கும் தெரியாது. என் முகத்தில் அதற்கு அனுமதி இருக்கிறதா என்று தேடினார். நான் பார்வையை விலக்கவில்லை.

"ஒன்பது மாசமா" என்றார்.

மொட்டை கத்தவில்லை, திட்டவில்லை, யாரிடமோ வழி கேட்பவன் போலத்தான் கேட்டான்.

"நான் ஒரு மாசமா கீழ நிக்கிறேனேண்ணே?"

அண்ணன் போனை என்னிடம் திருப்பிக் கொடுக்கப் பார்த்தார். நான் வாங்கவில்லை.