ஜன்னலில் நாலு கோடு

ஒரு செல்ஃபோன் வாங்க ஒரு மனிதர் இப்படி மண்டையை உடைத்துக்கொள்வாரா என்று அந்தக் குடியிருப்பில் எல்லோரும் சிரித்தார்கள். சிரித்தவர்களுக்கு என்ன, அவர்கள் வீட்டில் யாரும் கிட்னிக்காகக் காத்துக்கொண்டிருக்கவில்லை.

அவரை லிஃப்ட்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். பெரிய கட்டடங்களில் லிஃப்ட் நின்றுபோனால் சரிசெய்கிற வேலை. அவர் மனைவிக்கு இரண்டு கிட்னியும் கெட்டுப்போய், ஒருநாள் விட்டு ஒருநாள் ஆஸ்பத்திரிக்குப் போய் டயாலிசிஸ் செய்துகொண்டு வந்தாள். என்னுடையதை எடுத்துக்கொள்ளுங்கள் என்று இவர் ஒற்றைக்காலில் நின்று பார்த்தார், பொருந்தவில்லை. அவள் தம்பியுடையதும் பொருந்தவில்லை. அவளுக்குப் பொருந்துவது அபூர்வம் என்று டாக்டர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார். யாராவது இறந்து, அவர்கள் வீட்டார் மனம் வைத்து, அது இவளுக்குப் பொருந்தவும் பொருந்தினால் ஆஸ்பத்திரியிலிருந்து ஃபோன் வரும். மூன்று தடவை கூப்பிடுவார்கள். எடுக்காவிட்டால் அடுத்த ஆளுக்குப் போய்விடும்.

"ஒரே ஒரு நம்பர்தான் எழுதிக்குவோம்" என்று பெயர் பதிந்த அன்றே பெரிய நர்ஸ் கறாராகச் சொன்னாள். "ரெண்டு நம்பர் கொடுத்தா, அவங்க எடுப்பாங்கன்னு இவங்க, இவங்க எடுப்பாங்கன்னு அவங்க, கடைசியில ரெண்டு பேருமே எடுக்க மாட்டாங்க. நான் எத்தனை பேரைப் பார்த்திருக்கேன்!"

முதலில் அந்த நம்பர் மனைவியிடம்தான் இருந்தது. நான்கு வாரம்கூடத் தாங்கவில்லை. கடன் வேண்டுமா என்று எவனோ கேட்டாலும், பக்கத்து வீட்டுக்காரி கொத்தமல்லி இருக்கா என்று கேட்டாலும், மணி அடித்தவுடன் அவளுக்குக் கையும் ஓடாது காலும் ஓடாது. ஒருநாள் ஃபோனைக் கொண்டுவந்து அவர் மடியில் போட்டாள்.

"இதை நீங்களே வச்சுக்குங்க. அது ஒவ்வொரு தடவை அடிக்கிறப்பவும் எனக்கு உயிர் போய் உயிர் வருது. இருக்கிற உயிரே கொஞ்சம்தான்."

அவள் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. அன்றிலிருந்து ஃபோன் அவர் சட்டைப்பையில் குடியேறியது.

அது பழைய பட்டன் ஃபோன். ஒருதரம் சார்ஜ் போட்டால் வாரம் முழுக்கத் தாங்கும், மாடியிலிருந்து விழுந்தாலும் ஒன்றும் ஆகாது. லைன் நீலக் கம்பெனியுடையது. கம்பெனிகளின் பெயரெல்லாம் அவருக்கு வாயில் நுழையாது, விளம்பரப் பலகையின் நிறம்தான் கணக்கு. நீலம் வீட்டில் எந்த மூலையில் நின்றாலும் எடுக்கும். ஆனால் லிஃப்ட் மேலும் கீழும் ஓடுகிற அந்த நீண்ட கான்கிரீட் குழாய்க்குள் இறங்கினால் செத்துப்போகும். அவருடைய பகல் பொழுதில் பாதி அந்தக் குழாய்க்குள்தான் போகிறது.

ஒருநாள் காலை முழுதும் அப்படி ஒரு குழாய்க்குள் இருந்துவிட்டு மேலே வந்தவர், ஆஸ்பத்திரி நம்பரிலிருந்து அழைப்பு வந்து போயிருப்பதைப் பார்த்தார். கிரீஸ் கையோடு திருப்பிக் கூப்பிட்டால், நாளைக்கு மெஷின் ரிப்பேர், ஒருமணி நேரம் தாமதமாக வாருங்கள் என்று சொல்லத்தான் கூப்பிட்டார்களாம். அவர் அங்கேயே படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார். இது அந்த அழைப்பாக இருந்திருந்தால்? அந்த ஒரு கேள்விதான் அவரைக் கடை கடையாக ஏறி இறங்க வைத்தது.

மைத்துனன் பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கிறவன், சிவப்புக் கம்பெனிக்குச் சம்பளம் வாங்காத விளம்பரக்காரன்.

"மாமா, நான் சந்து பொந்தெல்லாம் சுத்துறவன். சிவப்பு எடுக்காத இடம் கிடையாது. ஆனா உங்க டப்பா ஃபோன்ல அது வேலை செய்யாது. புது ஃபோன் வாங்கணும்."

"புது ஃபோன் சாயங்காலமே சார்ஜ் போயிடும்னு சொல்றாங்களே மாப்ளே?"

"அது மனுஷன் மாதிரி மாமா. தினம் சோறு போடணும்."

லிஃப்ட்காரர் யார் வாய்ச்சொல்லையும் நம்புகிற ஆள் இல்லை. மைத்துனனின் ஃபோனை இடது பையிலும் தன் ஃபோனை வலது பையிலும் போட்டுக்கொண்டு, தன் பொறுப்பில் இருந்த கட்டடம் ஒன்று விடாமல் இறங்கிப் பார்த்தார். மேல்மாடி மோட்டார் அறை, குழாயின் நடு, அடியில் இருக்கிற பள்ளம், எல்லாம். சிவப்பு பள்ளத்தில்கூட இரண்டு கோடு காட்டியது. நீலம் சாகும்போது இது உயிரோடு இருந்தது. பிறகு வீட்டுக்கு வந்து அறை அறையாக நடந்தார். வீட்டில் கதை தலைகீழ். சிவப்பு கூடத்தில் இல்லை, படுக்கையறையில் இல்லை. சமையலறை ஜன்னல் திட்டில் வைத்தால் மட்டும் நாலு கோடும் நிமிர்ந்து நின்றது.

"என்னைக் கட்டிக்கிறப்பகூட இவ்வளவு யோசிச்சிருக்க மாட்டீங்க" என்றாள் மனைவி, கட்டிலில் சாய்ந்தபடி.

"உன் விஷயத்துல சிக்னல் ஃபுல்லா இருந்துச்சு."

"ரொம்பத்தான்!"

ரெண்டு சிம் போடுகிற ஃபோன் வாங்குங்களேன் என்று கடைப்பெண் சொன்னாள். அதையும் யோசிக்காமல் இருப்பாரா? ஆஸ்பத்திரியில் இருப்பது ஒரு நம்பர். ஒரு நம்பர் ஒரு கம்பெனியில்தான் இருக்க முடியும். ஆக, வீட்டில் அடிக்கிற ஃபோனா, வேலையில் அடிக்கிற ஃபோனா? பாவம், அந்த மனிதருக்குப் பல நாள் தூக்கமே இல்லை. கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார். குழாய்க்குள் ஜன்னல் வைக்க முடியாது, வீட்டில் ஜன்னல் இருக்கிறது. வீட்டில் இருக்கும் நேரமெல்லாம் ஃபோன் ஜன்னலில், அவர் ஜன்னலுக்குக் கீழே. பாயைச் சமையலறைக்கு மாற்றிவிட்டால் தீர்ந்தது.

நம்பர் மாறாமல் கம்பெனி மட்டும் மாற ஒருநாள் காலையில் சில மணி நேரம் லைன் செத்திருக்கும் என்றார்கள். அதற்கும் வழி வைத்திருந்தார். லீவு போட்டுவிட்டு, விடிந்ததும் நேராக ஆஸ்பத்திரிக்குப் போய், பெரிய நர்ஸின் மேஜைக்கு எதிரே உட்கார்ந்துகொண்டார். லைன் இல்லாத நேரத்தில் ஆளே முன்னால் இருந்தால் யாரும் ஃபோன் பண்ண வேண்டியதில்லையே!

"உங்களை மாதிரி ஒருத்தரை நான் பார்த்ததே இல்லை" என்று நர்ஸ் தலையில் அடித்துக்கொண்டாள். ஆனாலும் தன் பங்கு டீயில் பாதியை அவருக்கு ஊற்றிக் கொடுத்தாள்.

மதியம் புது ஃபோனில் கோடுகள் எழுந்தன. உடனே மைத்துனனைக் கூப்பிட்டு, திருப்பிக் கூப்பிடச் சொன்னார். ஃபோன் கணீரென்று அடித்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த நோயாளிகள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். நர்ஸுக்கும் சிரிப்பு.

"போதுமா? வீட்டுக்குப் போங்க."

அவர் எழுந்தார். நர்ஸின் மேஜைமேல் ஆஸ்பத்திரி ஃபோன் இருந்தது. கை நீட்டினால் எட்டுகிற தூரம். இதிலிருந்தும் ஒருதரம் அடித்துப் பாருங்கள் என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது. காலையிலிருந்து அவள் உயிரை வாங்கியாயிற்று, டீயையும் குடித்தாயிற்று, இன்னும் என்ன தொந்தரவு என்று கூச்சம் வந்துவிட்டது. கும்பிட்டுவிட்டு வந்துவிட்டார்.

இத்தனைக்கும் அவர் தொழிலில் இதைச் செய்யவே மாட்டார். ரிப்பேர் பார்த்த லிஃப்டை வெறும் கூண்டாக ஓட்டிப் பார்த்து ஒப்படைக்கிற பழக்கம் அவரிடம் கிடையாது. இரும்புக் கட்டிகளை ஏற்றி, முழுப் பாரத்தோடு மேலும் கீழும் ஓட்டினால்தான் கையெழுத்துப் போடுவார். வெறுங்கூண்டு எல்லா லிஃப்டிலும் நன்றாகத்தான் ஓடும் என்று மற்ற மெக்கானிக்குகளைத் திட்டுகிற ஆள் அவர்.

அன்று சாயங்காலம் அந்த வீட்டில் அவ்வளவு சந்தோஷம். ஜன்னல் திட்டைத் துடைத்து, சார்ஜர் ஒயரை இழுத்துக் கட்டி, ஃபோனை நிமிர்த்தி வைத்தார். நாலு கோடு.

"அதுக்கு ஒரு தலைகாணி வேணுமா?" என்றாள் மனைவி. ஆனால் அவளே தட்டை எடுத்துக்கொண்டு வந்து அவர் பக்கத்தில், சமையலறைத் தரையில் உட்கார்ந்தாள். இரண்டு பேரும் ஜன்னலைப் பார்த்தபடி சாப்பிட்டார்கள். தம்பி சின்ன வயதில் ஆணியை விழுங்கிவிட்டதாக ஊரையே கூட்டி, கடைசியில் ஆணி அவன் சட்டைப்பையில் இருந்த கதையைச் சொல்லி அவள் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். சிரித்த களைப்பில் சீக்கிரமே படுக்கப் போனாள். ஃபோன் சத்தமே இல்லாமல் இருந்தது.

மறுநாள் டயாலிசிஸ். அவளை மெஷினில் படுக்கவைத்த பிறகு, பெரிய நர்ஸ் அவரை வெளியே வரச் சொன்னாள். நடைபாதையின் கோடிவரை நடந்துபோய்த்தான் வாயைத் திறந்தாள்.

"நேத்து சாயங்காலம் ஏன் ஃபோன் எடுக்கலை?"

"எந்த ஃபோன்?"

"வந்துச்சுங்க. பொருந்துற மாதிரி ஒண்ணு வந்துச்சு. சாயங்கால டியூட்டிப் பொண்ணு மூணு தடவை கூப்பிட்டிருக்கா. மூணு தடவையும் இந்த எண் உபயோகத்தில் இல்லைன்னு சொல்லியிருக்கு. காலையில வந்ததும்தான் எனக்கே தெரியும்."

அவர் ஃபோனை எடுத்து அவளிடம் காட்டினார். நாலு கோடு இருந்தது. வேறு என்ன காட்டுவதென்று அவருக்குத் தெரியவில்லை.

"அடிச்சுதே. உங்க முன்னாடிதானே அடிச்சுது."

நர்ஸ் ஃபோனை அவரிடமிருந்து வாங்கினாள். சிவப்புக் கம்பெனியின் சேவை நம்பரை அவளே கூப்பிட்டு, ஃபோனை அவர் காதில் வைத்தாள். அந்தப் பக்கம் ஒரு பெண் இனிமையாகப் பேசினாள். "கம்பெனி மாறின அன்னைக்கு, எங்க லைன்ல இருந்து வர்ற அழைப்பெல்லாம் உடனே வந்துடும் சார். வேற கம்பெனி லைன்ல இருந்து வர்றது மட்டும் சிலது ஒருநாள் வரைக்கும் வந்து சேராது. அது சகஜம்தான் சார். இப்போ சரியாயிருக்கும். வேற ஏதாவது உதவி வேணுமா சார்?"

மைத்துனன் ஃபோன் சிவப்பு. ஆஸ்பத்திரி ஃபோன் நீலம். அவ்வளவுதான் விஷயம். நீலத்திலேயே இருந்திருந்தால் நேற்று சாயங்காலம் அந்தப் பழைய டப்பா அவர் வீட்டில் எந்த மூலையில் கிடந்தாலும் அடித்திருக்கும்.

நர்ஸ் தன் மேஜைக்குப் போய் ஆஸ்பத்திரி ஃபோனிலிருந்து அவர் நம்பரை அடித்தாள். அவர் கையில் இருந்த ஃபோன் கணீரென்று அடித்தது. அவர் அதை எடுக்கவில்லை, நிறுத்தவும் இல்லை. சுவரில் சாய்ந்து நின்று, அது அடித்து ஓயும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். அழுகை வந்தால் நன்றாக இருக்கும் போலிருந்தது, வரவில்லை.

"இன்னொண்ணு வருமா?" என்று கேட்டார், அவள் திரும்பி வந்ததும்.

"காத்திருக்கணும்" என்றாள் நர்ஸ், தரையைப் பார்த்தபடி. டாக்டர் என்ன சொல்லியிருந்தார் என்பது இருவருக்கும் தெரியும். அவர் மனைவியின் இதயம் வீங்கத் தொடங்கியிருப்பதும் தெரியும். "அவங்ககிட்ட நான் சொல்லட்டுமா?"

"வேணாம். நானே சொல்றேன்."

பஸ்ஸில் ஜன்னல் பக்கம் இடம் கிடைத்தது. டயாலிசிஸ் முடிந்த அன்று அவள் முகத்தில் எப்போதும் ரத்தமே இருக்காது. சொல்லிவிட வேண்டும் என்று அவர் இரண்டு தடவை தொண்டையைச் செருமினார்.

"அந்த நர்ஸம்மா எதுக்கு உங்களைத் தனியா கூப்பிட்டாங்க?" என்று அவளே கேட்டாள்.

"நம்பரைச் சரிபார்க்க."

"சரியா இருக்கா?"

"இருக்கு. அங்கேயிருந்து அடிச்சுப் பார்த்தாங்க."

"கேட்டுச்சு, உள்ள வரைக்கும். இந்தத் தடவை எனக்குப் பக்குன்னு ஆகலை, தெரியுமா?" அவள் தலையை அவர் தோளில் சாய்த்துக்கொண்டாள். "உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். இத்தனை நாள் எனக்கு ஒரே பயம். எங்கேயோ அடிச்சு, நமக்குத் தெரியாமலே போயிடுச்சோ, போயிடுச்சோன்னு. நேத்து சாயங்காலம்தான் அது விட்டுச்சு. ஜன்னல்ல அதை வச்சீங்க பாருங்க, அப்போ தோணுச்சு. இனிமே அது அடிக்கலைன்னா, வரலைன்னு அர்த்தம். அவ்வளவுதான். வராததுக்கு யாரும் ஒண்ணும் பண்ண முடியாதுல்ல?"

அவர் தலையை ஆட்டினார்.

"நிம்மதியா தூங்கினேங்க" என்றாள் அவள். கொஞ்ச நேரத்தில் அவர் தோளிலேயே தூங்கிப்போனாள்.

சட்டைப்பையில் ஃபோன் இருந்த பக்கத்தில்தான் அவள் தலை இருந்தது. யாராவது கூப்பிட்டால் விழித்துக்கொள்வாளே என்று, அவளை அசைக்காமல் இரண்டு விரலால் அதை மெல்ல வெளியே எடுத்தார். நாலு கோடு இருந்தது. இறங்க வேண்டிய நிறுத்தம் வந்தும் அவர் அவளை எழுப்பவில்லை.