புகை பீர், தேவையான அளவு

அந்த வருடம் ஒவ்வொரு குடும்பமும் குடியிருப்பு அலுவலகத்தில் ஒரு பீர் செய்முறை எழுதிக் கொடுத்தால்தான் வீட்டில் தொடர்ந்து குடியிருக்கலாம். ஆரோக்கியதாஸுக்குக் குலுக்கலில் புகையூட்டிய ரை பீர் விழுந்திருந்தது. எதிர்வீட்டுக்காரருக்கு இஞ்சி பீர். அவர் ஒரே மதியத்தில் முடித்துவிட்டார்.

ஆரோக்கியதாஸ் கல்லூரி வேதியியல் ஆய்வகத்தில் வேலை பார்ப்பவன். எதையும் கிராமில்தான் சொல்வான். முளைகட்டிய பார்லி மூன்று கிலோ, முளைகட்டிய ரை ஒன்றரை கிலோ என்று தொடங்கினான். கோதுமை இனத் தானியமான ரையைத் தேங்காய் மட்டைப் புகையில் வாட்டினான். வேலை முடிந்தும் புகை வெளியே போகவில்லை. சோபாவில் உட்கார்ந்துகொண்டது. மனைவி ரெஜினா அதற்கும் சேர்த்துக் காபி போட்டாள். பிறகு அடுப்பருகே நின்று பானையைக் கிளறினாள். ரை கஞ்சியைப்போல் இறுகும். விட்டால் வடிகட்ட முடியாது.

ஈஸ்ட் போட்டு மூடிவைத்த பதினான்காம் நாள் அவன் ஒரு வாய் குடித்தான். வேப்பெண்ணெய் மாதிரி கசந்தது.

கசப்புக்காகச் சேர்க்கிற ஹாப்ஸ் பூவை அவன் போடவே இல்லை. அடுத்த முறை ரையைப் பாதியாக்கினான். கசந்தது. புகையைக் குறைத்தான். புகை கோபித்துக்கொண்டு பால்கனி வழியாகப் போய்விட்டது. அப்போதும் கசந்தது. ஒன்பதாவது முறை வெறும் தண்ணீரைக் காய்ச்சி ஆறவைத்தான். அதுவும் கசந்தது.

ஒரு பாட்டிலை எடுத்துக்கொண்டு குடியிருப்பு அலுவலகத்துக்குப் போனான். நடக்க நடக்கத் தாழ்வாரம் நீண்டது. கவுண்டரை அடைந்தபோது அவனுக்குத் தாடி வளர்ந்திருந்தது.

கவுண்டரில் இருந்த அம்மாள் ஒரு கரண்டி குடித்துப் பார்த்தாள்.

“இது வீட்டுக் கசப்பு சார். கிளறினது யாரு?”

“என் வொய்ஃப்.”

“எத்தன வருஷமா?”

“பத்தொம்பது.”

“அப்ப அவங்களும் ஒரு பொருள்தான். பட்டியல்ல சேத்துக் குடுங்க.”

அவன் ரைக்குக் கீழே ரெஜினா என்று எழுதினான். எதிரே அளவு எழுதக் கட்டம் இருந்தது. பேனாவை வைத்துக்கொண்டு வெகுநேரம் யோசித்தான். பின்னால் வரிசையில் நின்றவர்கள் இருமினார்கள். ‘தேவையான அளவு’ என்று எழுதினான். அம்மாள் முத்திரை குத்தினாள்.

செய்முறை அவனுக்கு முன்பே வீட்டுக்கு வந்திருந்தது. ரெஜினா அதைப் படித்துக்கொண்டிருந்தாள்.

“தேவையான அளவா?”

“உப்புக்கெல்லாம் அப்படித்தான எழுதறாங்க.”

“லேப்ல சுண்ணாம்புத் தூளக்கூட ரெண்டு தடவ நிறுக்கிறீங்க. என்னை ஒரு தடவயாவது நிறுத்துப் பாத்தீங்களா?”

தராசு எங்கே இருக்கிறது என்று கேட்டான். கேட்ட பிறகுதான் அதைக் கேட்டிருக்கக் கூடாது என்று உறைத்தது.

ரெஜினா முத்திரை குத்தியிருந்த காகிதத்தின் பின்பக்கம் தன்னுடைய செய்முறையை எழுதினாள். பார்லி, புகையில் வாட்டிய ரை, தண்ணீர், ஈஸ்ட். அளவுகள் துல்லியமாக இருந்தன. அவன் இரண்டு தடவை படித்தான்.

“என் பேர் இல்லையே?”

“நீங்க கொஞ்சம் வாசப்பக்கம் நில்லுங்க.”

அவன் வாசலுக்கு வெளியே போய் நின்றான். உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது. பதினான்கு நாள் நின்றான். பதினைந்தாம் நாள் கதவு ஒரு கை நுழையும் அளவுக்குத் திறந்தது. ரெஜினா ஒரு டம்ளரை நீட்டினாள்.

அவன் மெதுவாகக் குடித்தான். முதலில் புகை மணந்தது. பிறகு ரையின் காரம் வந்தது. நாக்கை எல்லா மூலைக்கும் அனுப்பித் தேடினான். கசப்பு எங்கேயும் இல்லை.

“எப்படி இருக்கு?” என்று கேட்டாள்.

“நல்லா இருக்கு” என்றான் ஆரோக்கியதாஸ்.

அவள் டம்ளரை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினாள்.