சுத்தமாகக் கழுவிய கால்

சத்திரசிகிச்சை டொக்டர் வாப்பாவைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொன்னார்.

“புற்றுநோய் மாதிரித்தான் தெரியுது. முழங்காலுக்குக் கீழ எடுக்க வேண்டி வரும்.”

வெட்டி அனுப்பிய சதைத்துண்டின் முடிவிலும் அந்தச் சந்தேகம்தான் வந்திருக்கிறது என்றார். வாப்பா வேறு யாருடைய காலையோ பற்றிக் கதைப்பதைக் கேட்பவரைப் போலக் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

எங்களுக்குச் சம்மாந்துறைப் பக்கம் வயல் இருக்கிறது. சில வருடங்களுக்கு முன் வரம்பில் நடக்கும்போது வாப்பாவின் வலது புறங்காலில் முள் ஏறியது. முள்ளைப் பிடுங்கிய இடத்தில் பரு வந்தது. பரு மருவாகி, மரு பெருத்து, இப்போது புறங்கால் முழுவதும் பூக்கோவாப் பூவைக் கவிழ்த்து வைத்ததுபோல் கிடக்கிறது. வலி அதிகமில்லை. வலித்திருந்தால் முதலிலேயே காட்டியிருப்பார். பள்ளிவாசலில் யாரும் பார்த்துவிடக் கூடாதென்று வீட்டிலேயே கைகால் கழுவி, காலுறை போட்டுக்கொண்டு போவார். கூட்டாளி முனாப் ஒருநாள் வாசலில் நின்று, “என்ன ஆதம்பாவா, கல்முனையில பனி கொட்டுதா?” என்று கேட்டுச் சிரித்தார். வாப்பாவும் சிரித்தார்.

வெட்டுவதற்கு முன் தோல் டொக்டரும் ஒருமுறை பார்க்கட்டும் என்று அனுப்பினார்கள். டொக்டர் கிருசிகா காரைதீவுப் பிள்ளை. வாப்பாவின் காலை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து நெடுநேரம் பார்த்தார்.

“வயல் செய்யிற ஆக்களுக்கு மண்ணில இருந்து ஒரு பங்கசு, பூஞ்சணம், வாறது. மெதுவா வளரும், ஒருத்தரும் கணக்கெடுக்கிறல்ல. பார்க்கப் புற்றுநோய் மாதிரியே இருக்கும். அதுவா இருந்தா குளிசை மருந்தாலயே சுகமாக்கப் பார்க்கலாம்.”

காயத்தின் மேற்பகுதியைச் சுரண்டி, கண்ணாடித் தகட்டில் வைத்து, நுணுக்குக்காட்டியில் பார்த்தார். ஒன்றும் இல்லை.

“மேல கறுப்பா, புள்ளி புள்ளியா ஏதும் வாறதா ஐயா?”

“இல்ல டொக்டர். கால் நல்ல சுத்தம்.” வாப்பாவின் குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது.

“அடுத்த கிழமை இன்னொருக்கா வாங்க. அப்பவும் ஒண்டும் இல்லாட்டி என்னால வெட்டுற டொக்டர்மாரை மறிக்க ஏலாது.”

பஸ்ஸில் ஒழுங்காக யோசிக்க முயன்றேன். பங்கசு என்றால் குளிசை. புற்றுநோய் என்றால் கால். டொக்டர் தேடிப் பார்த்தார், பங்கசு இல்லை. அதற்கு அப்பால் யோசனை நகரவில்லை. அன்று பின்னேரம் வழக்கம்போல ஆங்கில வகுப்புக்குப் போனேன். கரும்பலகையில் எழுதியதைப் பார்த்து எழுதக்கூட முடியவில்லை. தலையிடி என்று சொல்லிப் பாதியில் எழுந்து வந்துவிட்டேன்.

வீட்டுப் பின்பக்கத்தில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. வாப்பா பைப்படியில் குந்தியிருந்தார். ஒரு கையில் தேங்காய்த் தும்பு, மற்றதில் சவர பிளேட். புறங்காலிலிருந்து இரத்தம் வடிந்து சீமெந்தில் ஓடியது. அதோடு மிளகுத்தூளைக் கொட்டியதுபோல் கறுப்பாக ஏதோ போனது.

“வாப்பா! என்ன செய்யிறீங்க?”

“கத்தாத மகள். ஊத்தை எடுக்கன்.”

“என்ன ஊத்தை?”

“வயல் மண்ணு. எவ்வளவு கழுவினாலும் திரும்பத் திரும்ப வந்து ஒட்டுது. தண்ணி தோலில படாட்டி வுழு கூடாதே.”

தொழுகைக்கு முன் கழுவும் இடங்களில் தண்ணீரைத் தடுக்கும் எதுவும் இருந்தால் வுழு கூடாது, நிறைவேறாது. நகத்துக்கு மை பூசியதற்காக வாப்பா என்னை எத்தனையோ தடவை ஏசியிருக்கிறார். தன் காலிலும் அதே கவனம். நான் வகுப்புக்குப் போன பிறகு, அந்தி மஃரிப் தொழுகைக்கு முன், ஒவ்வொரு நாளும் இது நடந்திருக்கிறது.

ஆனால் போன போகம் முழுக்க வாப்பா வயலில் இறங்கவே இல்லை. பிறகு மண் எங்கிருந்து வரும்?

டொக்டர் கேட்ட புள்ளி இதுவாக இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். நான் என்ன, டொக்டரா?

“கிளினிக்குக்குப் போகும் வரைக்கும் தொடாதீங்க வாப்பா. டொக்டர் தேடினது இதத்தான் போல.”

“போலயா? நிச்சயமா?”

நான் ஓடிக்கொண்டிருந்த பைப்பைப் பூட்டினேன்.

“அதுவரைக்கும் நான் தொழாம இரிக்கிறதா?”

சத்தம் கேட்டு உம்மா குசினியிலிருந்து வந்தார். இரத்தத்தைப் பார்த்ததும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். பிறகு கையை எடுத்துவிட்டுக் கேட்டார்.

“காலை வெட்டிப் போட்ட பிறகு எதைக் கழுவப் போறீங்க? சொல்லுங்க பாப்பம்.”

“சும்மா இரி றபீக்கா. காலும் போய்த் தொழுகையும் போனா எனக்கு என்ன மிச்சம்?”

அந்தக் கடைசிச் சொல் உடைந்து வந்தது. ஆஸ்பத்திரியில் அசையாமல் இருந்த மனிதர் எவ்வளவு பயந்துபோயிருக்கிறார் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

உம்மா அதற்கு மேல் அவரோடு வாதாடவில்லை. எங்கள் பள்ளிவாசல் றிப்தி மௌலவிக்கு அழைத்து, எல்லோருக்கும் கேட்கும்படி போனை வாப்பாவின் முன்னால் பிடித்தார். மௌலவி வாப்பாவைவிட வயதில் நன்றாகக் குறைந்தவர். முழுவதையும் கேட்டார்.

“ஆதம்பாவா காக்கா, காயத்தப் பிளேட்டால சுரண்டச் சொல்லி எந்தக் கிதாபில கண்ட நீங்க?”

வாப்பா பிளேட்டைக் கீழே வைத்தார்.

“கட்டுப் போடுங்க. நல்ல இடத்தக் கழுவுங்க, கட்டுக்கு மேல ஈரக்கையால தடவுங்க, மண்ணத் தொட்டுத் தயம்மும் ஒண்டும் செய்யுங்க. அப்பிடிச் செஞ்சாத் தொழுகை கூடும். கூடாட்டி என்னப் பிடிங்க.”

அன்றிரவே உம்மா கட்டுப் போட்டார். அதற்குப் பிறகு எனக்குப் பயம் கூடியதே தவிரக் குறையவில்லை. கட்டுக்குள் என்ன நடக்கிறது என்று தெரியாது. புள்ளி திரும்ப வராவிட்டால்? வந்தும் அது வெறும் ஊத்தையாக இருந்தால்? உம்மா கட்டு மாற்றும்போது நான் அந்தப் பக்கம் போகவில்லை. ஆனால் மஃரிபுக்குப் பள்ளிவாசலில் வாங்கு சொல்லும் நேரம் பைப்படிப் பக்கம் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். வாப்பா திரும்பவும் பிளேட்டை எடுத்துவிடுவாரோ என்று அவரைக் காவல் காத்தேன். அவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும். கட்டிய காலை என் பக்கம் நீட்டிக் காட்டிவிட்டுத்தான் தொழப் போவார்.

கிளினிக்கில் டொக்டர் கிருசிகா கட்டை அவிழ்த்தார். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

“ஐயா! இதை எங்க ஒளிச்சு வெச்சிருந்த நீங்க?”

திரும்பினேன். மருவின் மேல் அங்குமிங்குமாகக் கறுப்புப் புள்ளிகள்.

“ஒளிக்கல்ல டொக்டர். உங்களுக்கிட்ட ஊத்தையோட வரப்படாதெண்டு எடுத்துப் போட்டு வந்த.”

டொக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “இந்த ஊத்தையத்தான் நான் தேடினன். உள்ள இருக்கிற பங்கசைத் தோல் வெளிய தள்ளினா இப்பிடித்தான் வரும். நீங்க அதைத் துடைச்சுப்போட்டு மிச்சத்தைக் கொண்டு வந்து காட்டியிருக்கிறீங்க.”

புள்ளிகளை மட்டும் மெல்லச் சுரண்டித் தகட்டில் வைத்து, ஒரு துளி மருந்து விட்டு, உள்ளறைக்குப் போனார். வாப்பா உதட்டுக்குள் ஓதிக்கொண்டிருந்தார். எனக்கு ஓதவும் வரவில்லை. கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். தாதி ஒருவர் வந்து யாரையோ கூப்பிட்டபோது கதவுப் பக்கம் ஓரடி வைத்துவிட்டேன். எங்களையல்ல.

பிறகு டொக்டர் என்னை மட்டும் கூப்பிட்டார். என்னை மட்டும் ஏன்? வாப்பாவைத் திரும்பிப் பார்த்துவிட்டு உள்ளே போனேன்.

“இதில பாருங்க.”

மங்கலான சதைக்குள் மண்ணிற உருண்டைகள். இரண்டிரண்டாக, நான்கு நான்காக ஒட்டியிருந்தன. நடுவில் சுவர் வைத்ததுபோல் கோடுகள். என் கண்ணை நானே நம்பவில்லை. விலகி நின்று கண்ணைத் துடைத்துவிட்டுத் திரும்பப் பார்த்தேன்.

“இதுதானா டொக்டர்?”

“இதேதான். பங்கசு.”

“அப்ப புற்றுநோய் இல்லையா?”

“முந்தி வெட்டின துண்டைத் திரும்பப் பார்க்கச் சொல்லுவன். கன காலக் காயம், அதனால இனிப் பயமே இல்லையெண்டு சொல்ல மாட்டன். குளிசையும் மாசக்கணக்கில போட வேணும். ஆனா காலை எடுக்கிற கதையை இண்டைக்கே நிப்பாட்டுறன்.”

என் முன்னாலேயே சத்திரசிகிச்சைப் பகுதிக்கு அழைத்துச் சொன்னார். அவர் சொன்னதை அந்தப் பக்கத்தில் திருப்பிச் சொல்லும் வரை நான் அசையவில்லை.

உம்மா முதல் மணியிலேயே போனை எடுத்தார். சலாம்கூடச் சொல்லவில்லை.

“கால் இரிக்கா?”

“இரிக்கி உம்மா.”

“ஆரு சொன்ன?”

“டொக்டர்தான்.”

“வடிவாக் கேட்ட நீயா? போய் இன்னொருக்காக் கேளு.”

போனைப் பிடித்தபடியே போய், இன்னொரு தடவை கேட்டு, வாப்பாவுக்கும் கேட்கும்படி சொன்னேன். உம்மாவின் அழுகை வாப்பாவுக்கும் கேட்டது.

வாப்பா கட்டில் விளிம்பில் காலைத் தொங்கவிட்டுக்கொண்டு இருந்தார். காலையில் யாருடைய உதவியும் இல்லாமல் விறுவிறென்று நடந்து வந்தவர், இப்போது எனக்குக் கையை நீட்டினார். என் தோளைப் பிடித்து, இடது காலை முதலில் ஊன்றினார். வலது காலை, உடைந்துவிடும் பொருளை வைப்பவரைப் போல, நிலத்துக்குக் கிட்டக் கொண்டு போய் அப்படியே நிறுத்தினார்.

“மெல்லமா மகள்,” என்றார். “மெல்லமா.”