தூங்குபவரை எழுப்பாதீர்

எங்கள் வாசகசாலைக்கு ஒரே ஒரு சட்டம்தான் இருந்தது. அதைச் சிவப்பு பெயின்டில் எழுதிக் கதவுக்கு நேரே மாட்டியவர் அம்மையப்பன் அண்ணன். 'தூங்குபவரை எழுப்பாதீர்.'

எந்த ஊர் நூலகத்தில் ஐயா இப்படி ஒரு சட்டம் என்று நீங்கள் சிரிக்கலாம். தோஹா தொழில்பேட்டையில் ஒரே ரூமில் எட்டுப் பேரோடு இருந்துவிட்டு வந்து சிரியுங்கள். ஒருவன் கண்ணை மூடும்போதுதான் இன்னொருவன் வீடியோ காலில் பெண்டாட்டியோடு சண்டை போடுவான். மூன்றாமவன் கருவாடு வறுப்பான். அதனால் கம்பெனி கழித்துப்போட்ட போர்ட்டா கேபின் என்கிற தகர அறையைக் கெஞ்சி வாங்கி, ஊருக்குப் போகிறவர்கள் விட்டுவிட்டுப் போன புத்தகங்களை அடுக்கி, அண்ணன் அதை நடத்தினார். எந்தத் தொழிலாளர் கேம்ப்காரனும் வரலாம். தமிழ் தெரியாத நேபாளிகளும் வருவார்கள். பாதிப் பேர் படிக்க வருவோம், பாதிப் பேர் தூங்க வருவோம். நான் மணிமாறன், எலக்ட்ரீஷியன், இரண்டாவது பாதியைச் சேர்ந்தவன்.

யாராவது நாற்காலியில் சாய்ந்து கண்ணயர்ந்தால் அண்ணன் சத்தமில்லாமல் வருவார். ஷூவைக் கழற்றி ஓரமாக வைப்பார். டியூப் லைட் வெளிச்சம் கண்ணில் அடிக்குமே என்று பழைய பேப்பரை விரித்து முகத்தின் மேல் போடுவார். சாரம் கட்டிக் காய்த்துப்போன அந்தக் கை அவ்வளவு மெதுவாக வேலை செய்வதைப் பார்ப்பதற்காகவே நான் சில நாள் தூங்குவது போல நடித்திருக்கிறேன்.

சரவணகுமாருக்கு விசா எடுத்துக் கொடுத்தவரும் அண்ணன்தான். திருப்புவனம் பக்கத்துப் பையன். கம்பி கட்டுகிற வேலை. நாளெல்லாம் குனிந்தே கட்டிக் கட்டி இடுப்பு விட்டுப்போயிற்று. நிமிர்ந்தால் முகம் கோணும். சம்பளம் போய்விடுமே என்று லீவு கேட்கவில்லை. ஊரிலிருந்து மாத்திரை வரவழைத்தான்.

இங்கே ஒரு வழக்கம் உண்டு. லீவு முடிந்து வருகிறவன் நாலு பேருக்குப் பார்சல் சுமந்து வருவான். அடுத்தவன் பார்சலைப் பிரித்துப் பார்ப்பது மரியாதை இல்லை. லீவு முடிந்து வந்த எங்கள் கேம்ப் பன்னீர்செல்வமும் சரவணனின் பார்சலைப் பிரித்துப் பார்க்காமல்தான் கொண்டுவந்தான். முறுக்குக்கு அடியில் அட்டை அட்டையாக மாத்திரை இருந்தது. போதை கலந்த அந்த வலி மாத்திரை இந்த நாட்டில் கையில் இருந்தாலே ஜெயில்.

வெள்ளிக்கிழமைகளில் வாசகசாலைக்குப் பிரஷர் பார்க்க வருகிற ஜெஸி சிஸ்டர்தான் முதலில் கண்டுபிடித்தார். குளச்சல்காரர், நர்ஸ், வாய் கொஞ்சம் காரம். சரவணனின் கண்ணை விரித்துப் பார்த்தவர், கண்மணி கடுகளவு சுருங்கிக் கிடப்பதைக் கண்டு அவனை ஓரமாக இழுத்துப் போனார்.

"என்னத்தத் தின்னுதே? உள்ளதச் சொல்லு."

"வலிக்குதுக்கா. அதப் போட்டாத்தான் டூட்டிக்குப் போக முடியுது."

"எங்க ஆஸ்பத்திரிக்கு வா. வைத்தியம் இருக்கு."

"ஆஸ்பத்திரின்னா கம்பெனிக்குத் தெரியும். அப்பறம் போலீசு. வேணாங்க்கா, ஒங்களக் கையெடுத்துக் கும்பிடுறேன்."

அவனைத் திட்டிவிட்டு அண்ணனிடம் வந்தார் சிஸ்டர். "இவன எப்படியாவது ஊருக்கு அனுப்பிப் போடுங்க. இத நெனச்சாப்புல நிறுத்தவும் முடியாது, தின்னா செத்துப்போவான்." அண்ணன் மறுநாளே ஆபீசில் போய் நின்றார். தாய்க்கு உடம்பு சரியில்லை என்று சொல்லி எமர்ஜென்சி லீவு வாங்கினார். அடுத்த சனிக்கிழமைக்கு டிக்கெட் போட்டார். அதுவரை அவனைக் கண்ணுக்குள்ளேயே வைத்திருந்தார். மாத்திரையை எல்லாம் குப்பையில் போட்டுவிட்டேன் என்று சரவணன் அவர் தலையில் அடித்துச் சத்தியம் செய்தான்.

கிளம்புவதற்கு முந்தின வெள்ளிக்கிழமை மத்தியானம் வாசகசாலைக்கு வந்தான். பிள்ளைக்கு வாங்கின பொம்மையை எல்லோருக்கும் காட்டினான். பிறகு மூலை நாற்காலியில் சாய்ந்தான். கொஞ்ச நேரத்தில் குறட்டை. சாதாரணக் குறட்டை இல்லை, தொண்டையில் தண்ணீர் கொதிப்பது போல ஒரு சத்தம். நாங்கள் சிரித்தோம்.

"சிரிக்காதீங்கடா," என்றார் அண்ணன். அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். "எத்தினி நாளாச்சு புள்ள இப்புடி அசந்து தூங்கி. வலி விட்டுடுச்சு போலருக்கு."

ஷூவைக் கழற்றினார். பேப்பரை விரித்து முகத்தின் மேல் போட்டார். குறட்டை மெதுவாக அடங்கியது. நான் வாரப் பத்திரிகையில் ஜோக்குப் பக்கத்தைப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

பள்ளிவாசலில் பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லி முடிந்ததும் சிஸ்டர் வந்தார். பிரஷர் மெஷினை மேசையில் வைத்தவர் மூலையைப் பார்த்து அப்படியே நின்றார்.

"அந்தப் பேப்பரு ஏன் அசையல?"

ஓடிப்போய்ப் பேப்பரை இழுத்தார். உதடு நீலம் பாரித்திருந்தது. தரையில் கிடத்தி நெஞ்சை அழுத்தினார், ஆம்புலன்ஸைக் கூப்பிடு என்று கத்தினார். வந்தவர்களும் ஊசி போட்டார்கள், அழுத்தினார்கள். அதன் பிறகு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கல்ஃபில் இருக்கிற நாங்கள் எல்லா மொழியிலும் அந்தப் பார்வையைப் படிப்போம்.

யாரோ ஒருவன், "கொடுத்து வச்சவன், தூக்கத்துலயே போயிட்டான்," என்றான். ஆறுதலுக்குத்தான் சொன்னான். சிஸ்டர் வெடித்துவிட்டார்.

"அது ஒறக்கம் இல்லடே! அந்த மாத்திரையத் தின்னு மூச்சு எடுக்க முடியாமச் செத்திருக்கான். அந்தக் கொறட்டதான் அவன் நம்மளக் கூப்பிட்ட சத்தம். அப்போ எழுப்பியிருந்தா..."

சொன்ன பிறகுதான் அண்ணன் பக்கத்தில் நிற்பதைப் பார்த்தார். வாயைப் பொத்திக்கொண்டார். அண்ணன் கையில் அந்த ஷூ இருந்தது.

டிக்கெட் போட்ட சனிக்கிழமை சரவணன் போகவில்லை. போலீஸ் விசாரணை எல்லாம் முடிந்து ஒரு வாரம் கழித்துப் பெட்டியில் போனான். பார்சல் சுமந்து வந்த பன்னீர்செல்வம் இன்னும் ஜெயிலில்தான் இருக்கிறான். எனக்கு யாரைத் திட்டுவதென்றே தெரியவில்லை. மாத்திரையையா, இடுப்பு ஒடிய வேலை வாங்கினவனையா, வலிக்கிறது என்று சொல்லக்கூட ஒரு மனிதனைப் பயப்பட வைத்த இந்தப் பிழைப்பையா?

காரியம் முடிந்து சரவணனின் மனைவி ராதிகா போன் செய்தாள். நான்தான் அண்ணனின் போனை ஸ்பீக்கரில் போட்டேன்.

"அண்ணே, ஒண்ணே ஒண்ணு கேக்கணும். அவுக போகையில பக்கத்துல ஆராச்சும் இருந்தாகளா?"

அண்ணன் மூலை நாற்காலியைப் பார்த்தார். "நான் இருந்தேம்மா," என்றார்.

"நீங்க இருந்தீகளாண்ணே?" என்று திரும்பக் கேட்டாள். "அப்பச் சரிண்ணே. தனியாக் கெடந்து செத்தாகளோன்னுதான் ராவெல்லாம் அழுதேன். நீங்க நல்லா இருக்கணும்ணே."

போனை வைத்ததும் அவர் அழுத அழுகையை நான் எழுதப் போவதில்லை.

அந்தப் பலகை இப்போது இல்லை. அண்ணனே கழற்றிவிட்டார். சிஸ்டர் எங்கள் எல்லோருக்கும் சொல்லிக் கொடுத்திருக்கிறார்: குறட்டை மாறினால் தோளைப் பிடித்து உலுக்கு, உதட்டைப் பார், ஒருக்களித்துப் படுக்க வை, போலீஸுக்குப் பயப்படாமல் முதலில் ஆம்புலன்ஸைக் கூப்பிடு. வலி இருக்கிறவன் சிஸ்டரிடம் தனியாகப் பேச அலமாரிக்குப் பின்னால் இரண்டு நாற்காலி போட்டிருக்கிறோம். முதலில் யாரும் போகவில்லை, இப்போது போகிறார்கள். ஆனால் தூங்குகிறவனை எல்லாம் அண்ணன் எழுப்பிப் பெயர் கேட்கிறார். பெயரைச் சொன்னால், "சரி, தூங்கு," என்று அடுத்தவனிடம் போகிறார். வைதுவிட்டுச் சிலர் வருவதை நிறுத்திவிட்டார்கள். முகத்தில் பேப்பர் போடுவது அடியோடு நின்றுவிட்டது.

போன வெள்ளிக்கிழமை அண்ணனே மூலை நாற்காலியில் கண்ணயர்ந்துவிட்டார். லேசாகக் குறட்டை வந்தது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பாவம், எத்தனை நாள் தூக்கமோ என்று எனக்கு மனசே வரவில்லை. ஆனாலும் போய்த் தோளைப் பிடித்து உலுக்கினேன்.

திடுக்கிட்டு விழித்தார். என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"எந்திரிச்சிட்டியா சரவணா?" என்றார்.

"எந்திரிச்சிட்டேண்ணே," என்றேன்.